தொண்ணூற்றொன்பதாவது கோல்

"ஏங்க... பச்சைக் கோட்டு! உங்களைத்தான்! எழுதத் தெரியுமா?"

ஃபெர்கஸ் திரும்பினான். மெரிகல் மைதானத்தின் வெள்ளை வேலியை முட்டிக்கொண்டு வரிசையாகக் கார்கள் நின்றன. மழை பெய்தால் ஊரே காருக்குள் உட்கார்ந்துதான் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, பார்க்கும். அதில் ஒரு பழைய நீல வண்டியின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இறங்கிய பாதியில் இரண்டு கண்கள்... சாம்பலா, பச்சையா என்று முடிவு செய்ய முடியாத கண்கள். அவசரத்தில் இருந்தன. கொஞ்சம் கோபத்திலும் இருந்தன.

"தெரியும்... ஏன்?"

"அப்போ ஏறுங்க! சீக்கிரம்! இப்போ சைரன் ஊதிடுவாங்க!"

முன்பின் தெரியாத பெண் கூப்பிட்டால் உடனே ஏறிவிடுவதா? ஏறிவிட்டான். கோட்டு தொப்பலாக நனைந்துவிட்டது என்பது ஒரு காரணம். கேட்டால் அது ஒன்றுதான் காரணம் என்பான். நாம் நம்ப வேண்டியதில்லை.

மடியில் ஒரு அட்டை வந்து விழுந்தது. அதில் கட்டம் போட்ட தாள். கையில் ஒரு பென்சில் திணிக்கப்பட்டது.

"நான் ரோவெனா ட்ரெகியர். 'ரோ'ன்னு கூப்பிட்டா போதும். எனக்கு எழுதித் தர்ற ஷோனாவுக்குக் காய்ச்சல். வேலை சுலபம். நான் ஆட்டத்தைப் பார்த்து வாயால சொல்வேன்... உதைச்சா கிக், அந்தரத்துல பிடிச்சா மார்க், கையால குத்தி விட்டா ஹேண்ட்பால்... நீங்க எங்க ஆளுங்க நம்பருக்கு நேரா கோடு போடுவீங்க. நான் பேப்பரைப் பார்க்க மாட்டேன். நீங்க ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. தலையைத் தூக்கினீங்க, ஒரு கிக் போச்சு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது... என் பேரு..."

"பேரெல்லாம் அப்புறம்!"

சைரன் ஊதியது. அவ்வளவுதான்... அந்தப் பெண் வேறு ஒருத்தியாகிவிட்டாள். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"பதினேழு, கிக். ரெண்டு, மார்க். ரெண்டு, கிக். பதினாலு, ஹேண்ட்பால்... ஐயோ யாருக்குடா குடுக்கறே... எட்டு, கிக்..."

ஃபெர்கஸ் குனிந்த தலை நிமிரவில்லை. கூரையில் மழை, பக்கத்தில் அவள் குரல். வெளியே முப்பத்தாறு பேர் சேற்றில் உருண்டுகொண்டிருந்தார்கள். அவனுக்கு எல்லாம் அந்தக் குரலுக்குள்தான் நடந்தது. அது ஏறியது, இறங்கியது, பல்லைக் கடித்தது. இப்படி ஒரு குரலை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் கோடு போடுவதா...

"ப்ராடி... மார்க்! ப்ராடி... ப்ராடி... கோல்!"

சுற்றிலும் கார் ஹாரன்கள் அலறின. ஃபெர்கஸின் பென்சில் நின்றது.

"எந்த நம்பர்?"

"மூணு. ப்ராடி கினேன். ப்ராடின்னு சொன்னா மூணுன்னு எழுதிக்கோங்க."

மற்ற அத்தனை பேருக்கும் நம்பர். இவன் ஒருவனுக்கு மட்டும் பெயர்! ஃபெர்கஸுக்கு ஏனோ சுருக்கென்றது. வண்டியில் ஏறி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. தனக்கு என்ன உரிமை? ஒன்றும் இல்லை. உரிமை இருந்தால்தான் வர வேண்டும் என்று பொறாமைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இடைவேளையில் கேன்டீனிலிருந்து இரண்டு இறைச்சிப் பை, உள்ளே கறி அடைத்துச் சுட்ட பண்டம், வாங்கி வந்தாள். தக்காளி சாஸ் வழிய வழியக் கடித்துக்கொண்டே, அவன் போட்ட கோடுகளைப் பார்த்தாள்.

"அட! ஷோனாவைவிட நல்லா எழுதறீங்களே! லீக் ஆபீஸ் கிழம் பார்த்தா மயங்கி விழுந்துடும்."

"எந்தக் கிழம்?"

"டல்கூராவுல ஒண்ணு இருக்கு. லட்புரூக்னு பேரு. லீக்கோட நூறு வருஷக் கணக்கையும் அதுதான் வெச்சிருக்கு. போன மாசம் எனக்கு ஒரு கடிதம், 'தங்கள் ஆட்டக் குறிப்புகளில் சாஸ் கறை படிந்திருப்பதால் வாசிக்க இயலவில்லை'ன்னு! பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு எழுதியிருக்கும்!"

"கிழம்னு எப்படித் தெரியும்?"

"வயசுப்பையன் எவனாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலுல மெரிகலுக்கு யாரு அதிக கோல் அடிச்சான்னு மண்டையை உடைச்சுப்பானா?"

"ஹெக்டர் பாய்ன்டன். எழுபத்தொண்ணு," என்றான் ஃபெர்கஸ்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பழக்க தோஷம்!

ரோவெனா மெல்லுவதை நிறுத்தினாள். அவன் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். அவன் போட்ட நேர்த்தியான கோடுகளைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது.

"நீ... நீங்க..."

"ஃபெர்கஸ் லட்புரூக். வயசு இருபத்தொன்பது. பல்லு என்னோடதுதான்."

"இறங்குங்க வண்டியை விட்டு!"

"மழை பெய்யுது..."

"ஏமாத்துக்காரன்! பேரைச் சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்ல வந்தேன். பேரெல்லாம் அப்புறம்னு சொன்னது யாரு?"

முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே உடைந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், சாஸைத் தாளிலேயே சிந்திவிட்டாள்.

"இதுக்கும் ஒரு கடிதம் போடு," என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

ஷோனாவின் காய்ச்சல் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அவள் மறுபடியும் அந்த வண்டியில் ஏறவில்லை. பெண்களுக்குச் சில விஷயங்கள் சொல்லாமலே புரியும்.

லீக் கணக்கு ஓய்வு நேர வேலைதான்; பிழைப்புக்கு டல்கூராவின் கோதுமைக் கொள்முதல் ஆபீசில் வாராவாரம் ஐந்து நாள் தள்ளிவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் ஃபெர்கஸ் கிளம்பிவிடுவான். மெரிகல் எங்கே ஆடுகிறதோ அங்கே அந்த நீல வண்டி நிற்கும். உள்ளே ஃப்ளாஸ்க்கில் தேநீர், கம்பளித் தொப்பி, ஈரக் கம்பளத்தின் வாசனை... அவள். சொர்க்கம் என்றே சொல்லலாம், அந்த ப்ராடி மட்டும் இல்லாதிருந்தால்.

"ப்ராடி, மார்க்... ப்ராடி, கோல்... ஆஹா, ப்ராடி..."

அந்த வருஷம் இந்த வட்டாரம் முழுக்க ப்ராடி பேச்சுதான். ஒரே சீசனில் நூறு கோல் அடித்தவன் இந்த லீக்கில் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நூறாவது கோல் விழுந்தால் ஊரே வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடும். அடித்தவனைத் தோளில் தூக்கும். ஆட்டம் நின்றுபோகும், அம்பயரும் கை கட்டிக் காத்திருப்பார். மெரிகல் சின்னப் பிள்ளைகள் இப்போதே வேலி தாண்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ப்ராடி நேராக அந்த வண்டிக்குத்தான் வருவான். ஆறடிக்கு மேல் உயரம், சேறு வழியும் முகம், அதிலும் ஒரு சிரிப்பு. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ரோவெனாவின் மடியிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை அள்ளுவான்.

"ட்ரெக்ஸ், இன்னிக்கு எத்தனை?"

"ஆறு. ஏழாயிருக்கும், கம்பத்துல அடிச்சுட்டே. கண்ணை எங்கே வெச்சிருந்தே?"

"உன் வண்டி மேலதான்!" என்று சிரித்துவிட்டு ஃபெர்கஸ் பக்கம் திரும்புவான். "என்ன மச்சி, கை வலிக்குதா? என்னாலதான் உனக்கு இவ்வளவு எழுத்து வேலை. வா, ஒரு பீர் வாங்கித் தரேன்."

நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்! கெட்டவனாக இருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம். இவனை வெறுத்தால் நமக்குத்தான் அசிங்கம்... ஃபெர்கஸ் அந்த பீரையும் குடித்தான். கசந்தது. பீர் எப்போதும் கசக்கும்தான், இது கூடுதலாகக் கசந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் குரல் காதில் ஓடும். 'ஆஹா, ப்ராடி...' அந்த 'ஆஹா'வை யாராவது கவனித்தார்களா? எட்டாம் நம்பர் அவளுடைய சொந்த அண்ணன் லிண்ட்சே. அவனையே 'எட்டு' என்றுதான் சொல்கிறாள். அண்ணனுக்கே கிடைக்காத சலுகை இவனுக்கு மட்டும் எதற்கு? யோசிக்க யோசிக்க வயிறு எரிந்தது.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மெரிகல் இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை. அதனால் ப்ராடிக்கு இன்னும் ஒரே ஆட்டம்தான் பாக்கி. கணக்கில் தொண்ணூற்றேழு. மூன்று அடித்தால் நூறு.

ஃபெர்கஸ் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி, லீக்கின் நூற்றாண்டுக்காக ஒவ்வொரு ஆட்டக்காரனின் மொத்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். ட்ரெகியர், லிண்ட்சே. பதினோரு சீசன். கோல்... பூஜ்யம்.

வியப்பில்லை. லிண்ட்சே பின்வரிசைக் காவல்காரன். எதிராளியைத் தடுப்பதோடு சரி, கோல் பக்கம் போகவே மாட்டான். ஃபெர்கஸ் அடுத்த பெயருக்குப் போனான். திரும்பி வந்தான்.

நாலாவது வார ஆட்டம்... அப்போது அவனுக்கு ரோவெனாவைத் தெரியாது. மெரிகல் கிளப் சுவரிலிருந்த பழைய பெயர்ப் பலகையைப் படம் எடுக்க வந்தவன், கோல் கம்பங்களுக்குப் பின்னால் குடையோடு நின்றிருந்தான். கடைசி நிமிஷம். தலை முதல் கால் வரை சேறு பூசிய ஒருவன் இடது காலால் உதைத்தான். நாலு கம்பங்களில் நடு இரண்டுக்கும் இடையில் பந்து போனது, கோல். மெரிகல் ஜெயித்தது. அப்புறம் நடந்ததுதான் விசேஷம்... அணியில் ஒருவர் பாக்கியில்லாமல், அந்தக் கோடியிலிருந்தவன்கூட, ஓடி வந்து அவன் மேல் விழுந்தார்கள். முடியைக் கலைத்தார்கள், கட்டிப் புரண்டார்கள்.

அணி முழுக்க அப்படி ஓடி வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஒருவன் வாழ்க்கையில் முதல் கோல் அடிக்கும்போது. வாரம் ஆறு கோல் அடிக்கிறவன் மேல் யார் அப்படிப் போய் விழுவார்கள்? அதுவுமில்லாமல், ப்ராடி வலது காலால் உதைக்கிறவன்.

ரோவெனாவின் தாளை எடுத்துப் பார்த்தான். நாலாவது வாரம், கடைசி கோல்... மூணாம் நம்பருக்கு நேராகக் கோடு.

சேற்றில் மூணும், லிண்ட்சேயின் எட்டும் ஒன்றுபோல் தெரியும். அவள் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். ப்ராடிக்குத் தொண்ணூற்றாறுதான்.

ஃபெர்கஸுக்கு முதலில் வந்தது... சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். ஒரு நொடி. அடுத்த நொடி பென்சிலைக் கீழே வைத்தான். நான் நிஜமாகவே இடது காலைப் பார்த்தேனா? இல்லை, பார்க்க ஆசைப்படுகிறேனா? இவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்க என் வயிற்றெரிச்சல் கட்டிய கதையா இது?

சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஒரு பொய்யான நூறு காலத்துக்கும் நிற்கும், பதினோரு வருஷம் ஓடிய ஒருவனின் ஒரே கோல் எங்கேயும் இருக்காது. அன்று அவன் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவள் வேலை பார்க்கும் மெரிகல் தீவனக் கடைக்குப் போனான். ரோவெனா நாய் பிஸ்கட் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அந்தக் கண்கள் மலர்ந்தன. ஐயோ, மலராமல் இருந்திருக்கலாம்...

சொன்னான். தட்டுத் தடுமாறி, எல்லாவற்றையும். அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"என் கணக்கு தப்புங்கறே."

"ஒரே ஒரு கோல்..."

"ஏழு வருஷமா எழுதறேன். ஒண்ணுகூட விட்டதில்லை. அதுவும் என் அண்ணன் அடிச்சதை நான் பார்க்காம விட்டிருப்பேனா?"

"மழை... சேறு... யாரா இருந்தாலும்..."

"சீசன் முடியற நேரத்துல, தொண்ணூத்தேழு ஆனதுக்கப்புறம்தான் உனக்கு இது ஞாபகம் வந்துதா?" குரல் தாழ்ந்தது. தாழ்ந்தால்தான் ஆபத்து. "எனக்குக் கண்ணு இல்லைன்னு நினைச்சியா? ப்ராடி ஜன்னல்கிட்ட வந்தாலே உன் மூஞ்சி சுண்டிப்போகுது. அவன் கோலை எழுதறப்போ மட்டும் பென்சிலை ஒடிக்கற மாதிரி அழுத்தறே. பொறாமை! அவ்வளவுதான் இது!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. கணக்கில் பொய் எழுதாதவன், வாயில் மட்டும் எப்படிச் சொல்வான்?

"பொறாமை உண்டு," என்றான். "ஆனா கோல் லிண்ட்சேயோடது."

"வெளியே போ."

போனான். வாசலில் தூறல் ஆரம்பித்திருந்தது.

அவன் போன பிறகு ரோவெனா ஒரு மூட்டையைத் தூக்கினாள், அதே இடத்தில் வைத்தாள், மறுபடி தூக்கினாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு அண்ணனின் பண்ணைக்கு வண்டியை விட்டாள்.

லிண்ட்சே கொட்டகையில் தாயில்லா ஆட்டுக்குட்டிகள் இரண்டுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய் அண்ணா, நாலாவது வாரம் கடைசி கோல்... யாரு அடிச்சது?"

"எதுக்கு இப்போ? ஜெயிச்சோமில்ல."

"யாரு அடிச்சதுன்னு கேட்டேன்."

லிண்ட்சே குட்டியின் வாயிலிருந்து புட்டியை எடுக்கவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. "ப்ராடிக்கு நூறு வரட்டும் ரோ. எனக்கு எதுக்கு அது?"

அவ்வளவு போதும். வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏன்டா சொல்லலை? அன்னிக்கு ராத்திரி உன் எதிர்லதானே உட்கார்ந்து சாப்பிட்டேன்!"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ தாளை நீட்டி, 'பார்த்தியா, இந்தச் சேத்துலயும் ஒண்ணு விடலை'ன்னு பெருமையா காட்டினே." தோளைக் குலுக்கினான். "உன் கணக்கு தப்புன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா? நம்ம வீட்டுப் பேரு உன்னாலதானே அந்த கிளப்ல கொஞ்சம் நல்லா இருக்கு. நான் என்ன, பந்தை விட்டுட்டு ஆளைப் பிடிக்கறவன்."

ரோவெனாவுக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை... அதை எனக்காக விழுங்கியிருக்கிறான். நானோ ஒருத்தனைப் பொறாமைக்காரன் என்று துரத்திவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டல்கூரா ஆபீசில் ஃபெர்கஸின் தொலைபேசி அடித்தது.

"மிஸ்டர் லட்புரூக்குங்களா? மெரிகல் கிளப். நாலாவது வார ஆட்டத்துல ஒரு திருத்தம். கடைசி கோல், மூணு இல்லை, எட்டு." மூச்சு வாங்கும் சத்தம். "கிளப்லயும் சொல்லிட்டேன். கோல் கணக்குப் பலகையில தொண்ணூத்தாறுன்னு எழுதிட்டு வந்தேன். நான் திரும்பறதுக்குள்ள எவனோ அழிச்சு தொண்ணூத்தேழாக்கிட்டான். ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"ரோ..."

"குறுக்கே பேசாதே. தைரியம் போயிடும். அன்னிக்கு ஷோனா பென்சிலைத் தவற விட்டா. குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். நிமிர்ந்தா கோல். சேத்துல மூணா எட்டான்னு ஒரு சந்தேகம். வாய் பழக்கத்துல மூணுன்னுட்டேன். உள்ளுக்குள்ள உறுத்திட்டே இருந்துச்சு. அதனாலதான் அடுத்த வாரத்துலேருந்து, இனிமே மூணும் எட்டும் குழம்பவே கூடாதுன்னு, அவனை மட்டும் பேரைச் சொல்ல ஆரம்பிச்சேன்."

ஃபெர்கஸ் நாற்காலியில் சரிந்தான். அத்தனை வாரம் அவன் வயிற்றை எரித்த அந்தப் பெயர்... காதல் இல்லை. அவளுடைய உறுத்தல்.

"இருக்கியா?"

"இருக்கேன்..."

"நாளைக்கு எனக்கு எழுத ஆள் இல்லை," என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

கடைசி ஆட்டத்துக்குச் சுற்றுவட்டாரமே வந்திருந்தது. கோதுமைக் கிடங்கு வரைக்கும் கார்கள். ஃபெர்கஸ் கேன்டீனில் இறைச்சிப் பை கேட்டான். "தீர்ந்துபோச்சு" என்றாள் கேன்டீன் அம்மாள். அவள் முதுகுக்குப் பின்னால் தட்டு நிறைய இறைச்சிப் பைகள் ஆவி பறக்க இருந்தன. 'எங்க நூறைக் கெடுக்க வந்தவன்' என்று யாரோ காதில் விழும்படியே சொன்னார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் ப்ராடி ஜன்னலருகில் வந்தான். இன்று சிரிப்பில்லை.

"மச்சி, அது லிண்ட்சேயோடதுதான். நானே முதல்ல அவன் மேல போய் விழுந்தேன். அடுத்த வாரம் பேப்பர்ல என் பேரைப் போட்டிருந்தாங்க, வாயை மூடிட்டேன். என் தப்புதான்." கையை நீட்டினான். ஃபெர்கஸ் பிடித்தான். இந்த ஆள் தன்னை வெறுக்கவே விடமாட்டான் போலிருக்கிறதே...

சைரன். ஃபெர்கஸ் குனிந்தான். ரோவெனா சொல்ல ஆரம்பித்தாள். அவளும் வேறு பேச்சுப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. முதல் பாதியில் ப்ராடிக்கு ஒன்று. மூன்றாம் கால் பகுதியில் இன்னொன்று. கடைசிக் கால் பகுதி, மழை ஓய்ந்து மேகத்தின் நடுவே வெயில் எட்டிப் பார்த்த நேரம்...

"ப்ராடி, மார்க். நேரெதிரே நிக்கறான். ஓடறான்... கோல்."

ஹாரன்கள் காதைப் பிளந்தன. கார்க் கதவுகள் படபடவென்று திறந்தன. ஊரே வேலி தாண்டியது. கேன்டீன் அம்மாள் ஏப்ரனோடு ஓடினாள், பக்கத்துக் களத்தில் நெட்பால் ஆடிய பெண்கள் குட்டைப் பாவாடையோடு ஓடினார்கள், தள்ளுவண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். நூறு! நூறு! என்று சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார்கள். வேலியோரம் காலியாயிற்று. நீல வண்டியில் மட்டும் இரண்டு பேர் அசையாமல் இருந்தார்கள்.

"தொண்ணூத்தொன்பது," என்றாள் ரோவெனா மெதுவாக.

"தொண்ணூத்தொன்பது," என்று எழுதினான் ஃபெர்கஸ். பென்சிலைக் கீழே வைத்தான். "ரோ, ஒண்ணு சொல்லணும். கணக்கு சரிதான். ஆனா அதைக் கண்டுபிடிச்சப்போ ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அவனுக்கு ஒண்ணு குறையுதேன்னு. அவ்வளவு அல்பம் நான். நீ திட்டினதுல தப்பே இல்லை."

அவள் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ராடி போன வருஷமே என்னைக் கேட்டான்," என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"மாட்டேன்னுட்டேன். அழலை, முறைக்கலை, அடுத்த சனிக்கிழமை வந்து வறுவலைத் திருடினான். நல்லவன்தான். ஆனா எனக்கு அவன் மேல ஒண்ணுமே எரியலையே..." திரும்பினாள். சாம்பலும் இல்லை பச்சையும் இல்லை, அந்தக் கண்கள் இப்போது ஈரம். "போன மாசம் ஒரு வாரம் நீ வரலை. டல்கூரா ஆட்டத்துல எழுத ஆளில்லைன்னு அங்கே போயிட்டே. யாரு பக்கத்துல உட்கார்ந்து எழுதினே?"

"எங்க ஊர் கிளப்ல..."

"யாருன்னு கேட்டேன்."

"மில்ட்ரெட்னு... ஒரு அம்மா. பேரப்பிள்ளைங்க இருக்காங்க..."

"தெரியும். நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். அது தெரிஞ்ச புதன்கிழமை வரைக்கும் ஒழுங்கா சோறு இறங்கலை. பொறாமை உனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்ததா?"

வெளியே ஜனங்கள் சிரித்துக்கொண்டே வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்பயர் விசில் ஊதினார். ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ரோ... நான் கணக்குப் பிடிச்சவன். எதையும் நிச்சயமாத் தெரியாம சொல்ல மாட்டேன். அதனாலதான் இத்தனை வாரம்... எனக்கு உன்னை..."

மறுபடியும் ஹாரன்கள்! அவ்வளவு இல்லை, சும்மா பத்துப் பதினைந்து கார். கோல் அம்பயர் கோலுக்கு அடையாளமாக இரண்டு கொடியையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். சேற்று உருவங்கள் ஏற்கெனவே கலைந்து போய்க்கொண்டிருந்தன.

"யாரு... யாரு அடிச்சது?"

"நான் பார்க்கலையே... நீ?"

"நானும் பார்க்கலை!"

ரோவெனா பக்கத்து வண்டியைப் பார்த்துக் கத்தினாள். "யாருங்க அது?"

"ப்ராடிதான்! நூத்தி ஒண்ணு!" என்றார் அந்த மனிதர், இறைச்சிப் பையைக் கடித்துக்கொண்டே சாவதானமாக.

நிஜமான நூறாவது கோல். வேலிக்கு இந்தப் பக்கம் அது நூறு என்று ஒப்புக்கொள்ளக்கூடியவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

ஃபெர்கஸ் பதறிப் பென்சிலைத் தேடினான். "எழுதணும்... ரோ, எந்த நிமிஷம், எந்தக் காலால அடிச்சான்னு யார்கிட்டயாவது..."

அவள் அந்த அட்டையை அவன் மடியிலிருந்து எடுத்துப் பின்சீட்டில் எறிந்தாள். மெரிகல் கணக்கில் அந்தக் கடைசி நிமிஷங்களுக்கு இன்றைக்கும் வெறும் கட்டங்கள்தான்.

"கோலைப் பத்தி ஊரே சொல்லும். நீ சொல்ல வந்ததை நீ மட்டும்தான் சொல்ல முடியும். 'எனக்கு உன்னை'ன்னு நிறுத்தினே. அப்புறம்?"

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, ரோ. பைத்தியம் பிடிக்கற அளவுக்கு..."

"எனக்கும்தான்டா," என்று அவள் அவன் ஈரக் கோட்டில் முகம் புதைத்தாள். "எனக்கும்தான்..."